இருமல் கேட்காத அறை

கேள்வி: எனக்கு 36 வயது, ஊர் குடியாத்தம். பதிப்பகங்களுக்கு எடிட்டிங் செய்து பிழைக்கிறேன். பீடி சுற்றும் பெண்களைப் பற்றி நாவல் எழுதுகிறேன். அதற்காக வாரம் இரண்டு நாள் பேரணாம்பட்டு போய், ஒரு வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றவும் கற்றுக்கொள்கிறேன். அம்மாவும் ஒரு காலத்தில் பீடி சுற்றியவர்தான். இப்போது அவர் ராத்திரியெல்லாம் இருமுவதால் வீட்டில் வேலை ஓடுவதில்லை. காட்பாடியில் நண்பர் அறையில் தங்கித்தான் எடிட்டிங்கை முடிக்கிறேன். மூன்றுக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: தம்பி, நேரம் போதவில்லை என்று மாதத்துக்கு நாலு கடிதமாவது வருகிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் அம்மாவுக்கு இரண்டே வரி. ஒன்றில் பீடி சுற்றியவர் என்கிறீர்கள், அடுத்ததில் அவர் இருமல் உங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்கிறீர்கள். இந்த இரண்டு வரியையும் சேர்த்து ஒரு தடவை படித்துப் பார்த்தீர்களா?

மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், வருஷக்கணக்கில் புகையிலைத் தூளை மூச்சில் இழுத்தவர் அவர். இருமல் அதனால்தானா, காசநோயா, வேறு ஏதாவதா என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கடிதம் முழுக்கத் தேடினேன், ஆஸ்பத்திரி என்ற சொல்லே இல்லை. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நாள் கணக்கில் ரயிலில் உட்கார்ந்து வந்து, நோயாளியைக் கைத்தாங்கலாகக் காட்பாடி ஸ்டேஷனில் இறக்கி, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். நீங்கள் அதே காட்பாடிக்கு, பெற்றவளின் இருமல் காதில் விழக் கூடாது என்று போகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சிஎம்சி கூட்டத்தில் நிற்க முடியாது என்றால் அடுக்கம்பாறையில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அம்மாவைப் பார்ப்பது எழுதுகிறவனுக்கும் கடமைதான், நாவலைக் காட்டி அதிலிருந்து யாரும் விலக்கு வாங்க முடியாது.

பேரணாம்பட்டு வீட்டுக்காரர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இலையும் தூளும் அளந்துதான் வரும், சரியில்லாத பீடியைக் கழித்துவிடுவார்கள். நீங்கள் வெட்டத் தெரியாமல் வீணாக்குகிற இலை அவர்கள் கணக்கில் விழுகிறது. அதற்குப் பணம் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் அடுத்த முறை கொடுத்துவிட்டு வாருங்கள்.

இலையை எவ்வளவு நேரம் ஊற வைப்பது, தகட்டை வைத்து எப்படிக் கத்தரிப்பது, தூளை எந்த அளவு போட்டு உருட்டி நூல் கட்டுவது, எல்லாம் உங்கள் வீட்டிலேயே ஒருவருக்குத் தெரியும். ஆனால் மறுபடி தூளைக் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டிவிடாதீர்கள், பேச்சு போதும். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966லேயே சட்டம் வந்தது. அம்மாவுக்கு அடையாள அட்டை இருந்ததா, பி.எஃப். பிடித்தார்களா, வாரக் கணக்கு முடிக்கிற அன்றைக்கு உங்களுக்கு என்ன வாங்கி வந்தார், என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? வெளியாள் வந்து உட்கார்ந்தால் யாரும் இதையெல்லாம் முழுசாகச் சொல்ல மாட்டார்கள்.

சரி, நேரம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் கார்த்திகையும் மார்கழியும் கட்டுக் கட்டாக எடிட்டிங் வேலை வந்து குவியும். அந்த இரண்டு மாதம் நாவலைத் தொடாதீர்கள். தை பிறந்த பிறகு விடியற்காலை இரண்டு மணி நேரம் உங்கள் எழுத்துக்கு. எடிட்டிங் அதற்கு அப்புறம்தான், அடுத்தவர் வாக்கியத்தில் கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அவர் நடை உங்கள் பேனாவில் இறங்கிவிடும். பேரணாம்பட்டுக்கு மாதம் ஒரு தடவை போனால் போதும்.

காட்பாடி அறைச் சாவியை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த வாரமே அம்மாவைக் கூட்டிப் போய் எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் எடுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். எத்தனை அத்தியாயம் முடிந்தது என்று இப்போதைக்கு எழுத வேண்டாம்.