வாசகர் கேள்விகள்: நெப்ராஸ்காவின் நீண்ட சனிக்கிழமைகள்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் லிங்கன் நகரில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவள் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். சனிக்கிழமை ஆட்டத்தில் பல்கலைக்கழக அணி தோற்றுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாராம். ஒரு கல்லூரி அணிக்காக ஒரு பெரியவர் இப்படி மனம் உடைந்து போவாரா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: போவார், அம்மா. அந்த ஊரில் சில ஆண்டுகள் மாணவனாக வாழ்ந்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். நாம் கால்பந்து என்றால் நினைப்பது வேறு. அங்கே அந்தப் பெயருக்குரியது, பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்த ஆட்டத்துக்குத் தொழில்முறை அணி எதுவும் கிடையாது. ஏறக்குறைய 20 லட்சம் மக்கள் மட்டுமே வாழும் அந்தச் சோள நாட்டுக்கு, 'கார்ன்ஹஸ்கர்ஸ்', அதாவது சோளக்கதிர் உரிப்போர் என்று பெயர் சூட்டிக்கொண்ட பல்கலைக்கழக அணிதான் எல்லாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் மெமோரியல் ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 85,000 பேர் கூடுகிறார்கள். அந்த ஒரு நாள் மட்டும் ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் அந்த ஸ்டேடியம்தான் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். 1962 நவம்பரில் தொடங்கி இன்றுவரை அங்கே நடந்த ஆட்டங்கள் அனைத்துக்கும் டிக்கெட்டுகள் முழுமையாக விற்றுத் தீர்ந்ததாகவே கணக்கு.

அந்தப் பெரியவரின் வயதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவர் பள்ளிச் சிறுவனாக இருந்த 1962இல்தான் பாப் டெவேனி பயிற்சியாளராக வந்து, தோல்வியிலேயே கிடந்த அணியை முதல் ஆண்டிலேயே தூக்கி நிறுத்தினார். 1970, 1971 இரண்டு ஆண்டுகளிலும் தேசிய வாகையர் பட்டம் கிடைத்தது. 1973இல் பொறுப்பேற்ற டாம் ஆஸ்போர்ன் 25 பருவங்கள் பயிற்சியாளராக இருந்தார். அவற்றில் ஒன்றில்கூட அணி ஒன்பது வெற்றிகளுக்குக் குறைந்ததில்லை. 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளின் பட்டங்களும் அவர் காலத்தவை. சிறுவயது முதல் ஐம்பதை நெருங்கும்வரை வெற்றியை மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர் அவர். 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழு பருவங்களில் வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுந்திருந்ததையும் அவரே பார்க்க நேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வாய் திறக்காததில் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: நான் ஒமாஹாவில் குடியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகத்தில் ஒருவர் எல்லாப் பழியையும் முன்னாள் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் மீது போடுகிறார்; இன்னொருவர் அவருக்கு முன்பிருந்த பயிற்சியாளர் போ பெலினியை நீக்கியதுதான் தவறு என்கிறார்; மூன்றாமவர், ஆஸ்போர்ன் ஓய்வு பெற்ற நாளிலேயே கதை முடிந்துவிட்டது என்கிறார். உண்மையில் சரிவு எங்கே தொடங்கியது?
— ஒரு வாசகர், ஒமாஹா

பதில்: மூவரும் கண்ணுக்குத் தெரிந்த விரிசல்களைக் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், அடித்தளம் அசைந்தது 2003 நவம்பரில். அதற்கு முன், 2001ஆம் ஆண்டைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அந்த அக்டோபர் மாத இறுதியில் ஓக்லஹோமா அணி லிங்கனுக்கு வந்திருந்தது. தரவரிசையின் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்த இரண்டு அணிகள் மோதிய அந்த ஆட்டத்தில், மாணவர் பகுதியில் பனிக்காற்றில் நடுங்கியபடி நானும் நின்றிருந்தேன். இறுதிக் கட்டத்தில் குவார்ட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை நடத்தும் வீரர், எரிக் க்ரவுச் பந்தைப் பக்கத்தில் ஓடியவரிடம் கொடுத்தார். அவர் அதை எதிர்த்திசையில் ஓடிவந்த மைக் ஸ்டன்ட்ஸ் என்ற முதலாண்டு மாணவரிடம் கொடுத்தார். அந்த இளைஞர் இடது கையால் பந்தை எறிய, அதற்குள் ஒருவர் கண்ணிலும் படாமல் களத்தின் மறுபக்கம் நழுவிப் போயிருந்த க்ரவுச்சே அதைப் பிடித்து எல்லைவரை ஓடிவிட்டார். மொத்தம் 63 கெஜம். எனக்கு முன்னால் நின்றிருந்த, யாரென்றே தெரியாத ஒரு பெண்மணி திரும்பி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நெப்ராஸ்கா 20-10 என்று வென்றது. சிறந்த கல்லூரி வீரருக்கான அந்த ஆண்டின் ஹைஸ்மன் விருது க்ரவுச்சுக்குப் போனது.

நான்கே வாரங்களில் கொலராடோ அணி தன் சொந்த மண்ணில் 62-36 என்று அவர்களை நொறுக்கியது. அதன் பிறகும் தேசிய இறுதியாட்டத்தில் இடம் கிடைத்தது; அங்கே மயாமியிடம் 37-14 என்ற தோல்வி. மறு ஆண்டு ஏழு வெற்றி, ஏழு தோல்வி. ஆஸ்போர்னின் வாரிசாக வந்த ஃப்ராங்க் சோலிச் 2003இல் அணியை மீட்டு, ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி என்று முடித்தார். அந்த நிலையில்தான் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் அவரை நீக்கினார். ஆறு பருவங்களில் 58 வெற்றியும் 19 தோல்வியும் கண்ட ஒருவர், போதாதவர் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

சோலிச் ஆஸ்போர்ன் அல்லர் என்பது உண்மை. திறமையான இளைஞர்களைத் தேடிப் பிடிப்பதில் அவர் காலத்தில் தொய்வு ஏற்பட்டதும் உண்மை. ஆனால் அவரோடு சேர்த்து வெளியே போனது ஒரு தனி மனிதர் மட்டுமல்லர். நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த ஒரு முறையே போயிற்று. பெருநகரங்களோ கடற்கரையோ இல்லாத அந்த மாநிலத்துக்கு நட்சத்திர வீரர்கள் வரிசையில் வந்து நிற்கமாட்டார்கள் என்பதை டெவேனியும் ஆஸ்போர்னும் அறிந்திருந்தார்கள். ஆகவே பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் வளர்ந்த இளைஞர்களை, உதவித்தொகை இல்லாமலேயே, 'வாக்-ஆன்' என்ற பெயரில் பெருமளவில் சேர்த்தார்கள். 1969இல் பாய்ட் எப்லி தொடங்கிய எடைப்பயிற்சிக் கூடம் அவர்களை மூன்று நான்கு ஆண்டுகளில் மலைபோல் ஆக்கியது. தடுப்பு வரிசைக்குப் பக்கவாட்டில் குவார்ட்டர்பேக் ஓடி, பந்தைத் தானே வைத்துக்கொள்வதா, பக்கத்து வீரருக்குத் தட்டிவிடுவதா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் 'ஆப்ஷன்' ஆட்டம் அந்த உடல்வாகுக்கு ஏற்றபடி அமைந்தது. மண்ணைப் பார்த்துப் பயிர் வைத்தார்கள் என்று நம் ஊர்ப் பேச்சில் சொல்லலாம்.

சோலிச்சுக்குப் பதிலாக வந்த பில் கேலஹன், தொழில்முறை அணி ஒன்றைச் சூப்பர் பௌல் என்ற இறுதியாட்டம் வரை கொண்டுசென்ற அறிவாளி. ஆனால் அவர் நம்பியது பந்தை எறிந்து ஆடும் தொழில்முறைப் பாணியை. முதல் பருவமே ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1961க்குப் பிறகு முதன்முறையாகத் தோல்விகள் மிகுந்த பருவம் அது. பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டத்துக்கு 35 ஆண்டுகள் இடைவிடாமல் தகுதி பெற்ற தொடரும் அத்துடன் அறுந்தது. 2007இல் கான்சஸ் அணி அவர்கள் மீது 76 புள்ளிகளைக் குவித்தது. விதைநெல்லை விற்றுவிட்ட பிறகு எந்த உழவரை அழைத்து வந்தாலும் அவர் முதலில் நெல்லுக்குத்தான் அலைய வேண்டும்.

பெலினியைப் பற்றி உங்கள் அலுவலக நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2008 முதல் 2014 வரை ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஒன்பது வெற்றிகளை அவர் பெற்றுத் தந்தார். ஆனால் பெரிய ஆட்டங்களில் அணி சிதறிப்போவது வழக்கமாயிற்று. 2012இல், நெப்ராஸ்கா ஆடும் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் விஸ்கான்சினிடம் 70-31 என்று தோற்ற இரவை யாரும் மறந்துவிடவில்லை. போதாததற்கு, ரசிகர்களை அவர் கடுமையாக ஏசிய ஒலிப்பதிவு ஒன்றும் வெளியாகி, உறவைக் கெடுத்தது. அவர் நீக்கப்பட்டதை நான் குறை கூறமாட்டேன். அவரை நீக்கிவிட்டு, மூன்று பருவங்களில் 19 வெற்றி, 19 தோல்வி என்று முடித்த மைக் ரைலியைக் கொண்டுவந்ததைத்தான் இன்றும் ஏற்க முடியவில்லை.

கேள்வி: ஸ்காட் ஃப்ராஸ்ட் அந்த மண்ணின் மைந்தர், 1997இல் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக் என்று படித்தேன். அவராலும் ஏன் முடியவில்லை?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இது. 2017இல் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியை ஒரு தோல்வியும் இல்லாமல் 13 வெற்றிகளுக்கு நடத்திச் சென்றவர், அந்தப் பருவம் முடியும் தறுவாயிலேயே தாய்வீடு திரும்புகிறார் என்றபோது, நாடு கடத்தப்பட்ட அரசகுமாரனை வரவேற்பதுபோல் வரவேற்றார்கள். முதல் ஆறு ஆட்டங்களும் தோல்வி. 2018 முதல் 2022 செப்டம்பர் வரை மொத்தம் 16 வெற்றி, 31 தோல்வி.

அந்த எண்களைவிட, தோற்ற விதம்தான் ரசிகர்களைக் கொன்றது. 2021 பருவத்தில் ஒன்பது ஆட்டங்களில் தோற்றார்கள்; ஒன்றில்கூட வித்தியாசம் ஒன்பது புள்ளிகளைத் தாண்டவில்லை. மிச்சிகனிடம் மூன்று புள்ளியில், மிச்சிகன் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் மூன்று புள்ளியில், அயோவாவிடம் ஏழு புள்ளியில். கரை தெரியும் தூரத்தில் ஒன்பது முறை மூழ்குவதைப் பார்ப்பதற்கு எப்படிப்பட்ட நெஞ்சம் வேண்டும்! அதிர்ஷ்டம் கைவிட்டது என்று ஒன்றிரண்டு ஆட்டங்களுக்குச் சொல்லலாம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அது பயிற்சியின் குறை: உதை ஆட்டத்தில் கவனக்குறைவு, தேவையற்ற தண்டனைகள், நெருக்கடியில் பந்தைத் தவறவிடும் பழக்கம்.

2022 ஆகஸ்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் நார்த்வெஸ்டர்னுடன் நடந்த ஆட்டம் இதற்குச் சரியான சான்று. மூன்றாம் கால் பகுதியில் 28-17 என்று முன்னிலை. அந்த நிமிடத்தில், பந்தை எதிரணியின் எல்லைப் பக்கம் தொலைவாக உதைப்பதை விட்டுவிட்டு, தானே திரும்பப் பிடிக்கும் நோக்கத்தோடு குறுகலாக உதைக்கச் சொன்னார் ஃப்ராஸ்ட். பின்தங்கியிருக்கும் அணி வேறு வழியில்லாமல் எடுக்கும் துணிச்சல் அது. பந்து எதிரணியிடம் போயிற்று. ஆட்டமும் 31-28 என்று போயிற்று. இரண்டு வாரங்களில் ஜார்ஜியா சதர்ன் அணி லிங்கனுக்கே வந்து 45-42 என்று வென்ற மறுநாள் அவர் நீக்கப்பட்டார்.

கேள்வி: தோற்கும் பயிற்சியாளருக்கு வேலையும் போகிறது, கோடிக்கணக்கில் பணமும் கிடைக்கிறது என்கிறார்களே, இது என்ன நியாயம்?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: ஒப்பந்தக் காலம் முடியுமுன் நீக்கினால் மீதித் தொகையை வழங்கவேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஃப்ராஸ்டுக்கு ஏறக்குறைய 1.5 கோடி டாலர். இருபது நாள் பொறுத்து அக்டோபர் 1 வரை வைத்திருந்தால் அதில் பாதிதான் கொடுக்க நேர்ந்திருக்கும். அதற்கும் பொறுமை இல்லாத அளவுக்கு வெறுத்துப் போயிருந்தார்கள். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023இல் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது 7.5 கோடி டாலருக்கும் மேல் தரவேண்டியிருந்தது. நன்றாக ஆடும் ஓர் ஆண்டில் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சத்தில் நீண்ட ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அந்த அச்சத்தின் விலை இது. கல்விக்கூடத்தின் பெயரால் இப்படிச் செலவாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: 2011இல் பிக் டென் கூட்டமைப்புக்கு மாறியதும் ஒரு காரணமா?
— ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: ஓரளவுக்கு. பிக் 12 கூட்டமைப்பில் இருந்தவரை டெக்சாஸ் மண்ணில் ஆண்டுதோறும் ஆடினார்கள். அங்கிருந்து வந்து சேரும் வீரர்களின் ஆட்டத்தை அவர்களுடைய பெற்றோர் பக்கத்திலேயே பார்க்க முடிந்தது. அந்த வாசல் குறுகிவிட்டது. ஆனால் தொலைக்காட்சி வருவாயில் பிக் டென் கொடுப்பதை யாரும் எளிதில் கொடுக்க முடியாது. நான் இதை முதற்காரணமாகக் கருதவில்லை.

கேள்வி: நான் லிங்கனில் படிக்கும் மாணவன். என் அறைத்தோழன் இந்த ஊர்க்காரன். ஃப்ராஸ்டுக்குப் பின் வந்த பயிற்சியாளர் மேட் ரூலாவது காப்பாற்றுவாரா என்று தினமும் புலம்புகிறான். இவர்கள் டிக்கெட் வாங்குவதை நிறுத்தினால்தான் நிர்வாகம் திருந்தும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு மாணவர், லிங்கன்

பதில்: ரூல், தான் பொறுப்பேற்ற கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டில் அணியை நிமிர்த்தியவர். பேலர் பல்கலைக்கழகத்தில் முதல் பருவம் ஒரே வெற்றி. மூன்றாவது பருவம் 11 வெற்றி. நெப்ராஸ்காவில் 2024இல், பாஸ்டன் காலேஜ் அணிக்கு எதிரான பௌல் ஆட்ட வெற்றியையும் சேர்த்து ஏழு வெற்றிகள் கிடைத்தபோது, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பௌல் ஆட்டத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் பலர் கண்கலங்கினார்கள். அவருடைய மூன்றாம் ஆண்டான 2025இல் குவார்ட்டர்பேக் டிலன் ராயோலா நவம்பர் தொடக்கத்தில் கால் எலும்பு முறிந்து வெளியேற, மறுபடியும் ஏழு வெற்றியோடு நின்றது. பேலர்க் கதை திரும்பவில்லை என்பதில் உங்கள் தோழருக்கு வருத்தம் இருப்பது இயல்பு. ஆயினும் அந்த அக்டோபரில் அவருடைய ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டியதை நான் ஆதரிக்கிறேன். 2003க்குப் பிறகு நான்கு நிரந்தரப் பயிற்சியாளர்கள் வந்து போய்விட்டார்கள்; ஒவ்வொரு முறையும் பழைய ஆட்டமுறைக்காகச் சேர்ந்த பிள்ளைகள் புதிய முறைக்குப் பொருந்தாமல் இரண்டு பருவங்களை வீணாக்கினார்கள். இப்போது வீரர்கள் விரும்பியபடி அணி மாறலாம், விளம்பர வருவாயும் பெறலாம் என்ற நிலையில், பயிற்சியாளர் மாறினால் அணியில் பாதி ஒரே மாதத்தில் கலைந்துவிடும்.

டிக்கெட் புறக்கணிப்பு பற்றி உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. அணி மிக மோசமாக ஆடிய காலத்தில் 1962 முதல் டிக்கெட்டுகள் முழுமையாக விற்றுத் தீரும் அந்தத் தொடர் அறுந்துவிடும் நிலை வந்தபோது, நன்கொடையாளர்கள் மீந்த டிக்கெட்டுகளை வாங்கி, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளை ஆட்டம் பார்க்க அனுப்பினார்கள். நிர்வாகத்தைத் தண்டிப்பதாக நினைத்து அந்தப் பிள்ளைகளின் சனிக்கிழமையைப் பறிக்க எனக்கு மனம் வராது.

முடிந்தால் அடுத்த பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குத் தோழருடன் போய் வாருங்கள். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து முதல் டச் டவுன் விழுந்ததும் ஆயிரக்கணக்கான சிவப்பு பலூன்கள் வானில் பறக்கும் காட்சியை நீங்கள் பார்க்க முடியாது. ஹீலியம் தட்டுப்பாட்டால் 2022இல் அந்த வழக்கம் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் ஆட்டம் முடிந்தவுடன் எழுந்து வந்துவிடாதீர்கள். வருகை அணியின் வீரர்கள் களத்தைவிட்டு உள்ளே செல்லும் வழிக்குப் பக்கத்தில், சிவப்புச் சட்டை அணிந்த முதியவர்கள் கம்பியைப் பிடித்தபடி நின்றிருப்பார்கள். தம் அணியைத் தோற்கடித்த இளைஞர்களுக்கு அவர்கள் கை தட்டுவதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.