லாச்சி வேலைக்கு ஜிக் வாங்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். அலமாரி, மேசை, சாமிமேடை செய்து கொடுப்பதுதான் தொழில். ரூட்டர் (சுழலும் அலகால் மரத்தைக் குடையும் மின்கருவி) வைத்து லாச்சி, அதாவது இழுப்பறை, போன்றவற்றுக்கு மூட்டு வெட்டும் ஜிக் (ரூட்டருக்கு வழிகாட்டும் சட்டகம்) வாங்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு கார் போர்ச்சில் சனி ஞாயிறு மட்டும் மரவேலை செய்கிறேன். டவ்டெயில் (புறாவால் வடிவ மூட்டு) வெட்டும் ஜிக் மேல் ஆசை. போடுகிற காசுக்குத் தகுமா?

பதில்: தம்பி, இந்த ஆண்டு என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதில் எத்தனை லாச்சி வருகிறது என்று எண்ணுங்கள். ஒரே அளவு மூட்டைத் திரும்பத் திரும்ப வெட்டித் தருவதுதான் ஜிக்கின் வேலை. பிட் (ரூட்டரில் மாட்டும் வெட்டலகு) ஆழம் வைத்து, டெம்ப்ளேட்டை (ரூட்டர் ஒட்டிப் போகும், விரல் விரலாக நீட்டிய அச்சுத் தட்டு) நகர்த்தி, வீண் துண்டுகளில் வெட்டிப் பார்த்து முதல் மூட்டைச் சரியாகக் கொண்டுவர ஒரு காலைப்பொழுதே போய்விடும். அதற்கப்புறம் ஒவ்வொரு மூலையும் சில நிமிட வேலைதான்.

ஜிக் விலை 800 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாச்சிக்கு 4 மூலை. 20 லாச்சி செய்தால் 80 மூலை, மூலைக்கு 10 வெள்ளி ஆகிறது. இரண்டே லாச்சி செய்தால் மூலைக்கு 100 வெள்ளி. அந்த 8 மூலையை ரம்பமும் உளியும் வைத்துக் கையாலேயே வெட்டிவிடலாம், கையும் பழகும். ஆண்டுக்குப் பத்து லாச்சி தேறாது என்றால் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அந்தக் காசில் நல்ல கிளாம்ப் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) வாங்குங்கள். அது எல்லா வேலைக்கும் உதவும்.

கேள்வி: விரல்கள் நகராத ஜிக், நகர்த்தக்கூடிய ஜிக் என்று இரண்டு இருக்கிறதே? விலையிலும் பெரிய வித்தியாசம். எது நல்லது?

பதில்: வாங்குவதற்கு முன் இதைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும். அமெரிக்காவின் போர்ட்டர் கேபிள் கம்பெனியின் 4200 வரிசை போன்ற ஜிக்குகளில் டெம்ப்ளேட்டின் விரல்கள் அசையாது. பலகை அகலம் 12 அங்குலம் வரை போகும். கனடாவின் லீ கம்பெனி செய்யும் டி4ஆர் புரோ ஜிக்கில் விரல்களை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், 24 அங்குலப் பலகையும் பிடிக்கும்.

விரல் அசையாத ஜிக் வாங்கினால் உங்கள் லாச்சியின் உயரத்தை ஜிக்தான் முடிவு செய்யும். அரை இஞ்சு பிட் போடும் வழக்கமான டெம்ப்ளேட்டில் ஒரு வாலிலிருந்து (பக்கப்பலகையில் விரிந்து நிற்கும் பல்) அடுத்த வாலுக்கு 7/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 22.2 மில்லிமீட்டர் இருக்கும். மேலும் கீழும் ஒரே மாதிரி பாதி முளை (வால்களுக்கு இடையில் நுழையும் முன்பலகையின் பல்லில் பாதி) நிற்க வேண்டுமென்றால் லாச்சியின் உயரம் 111, 133, 156 மில்லிமீட்டர் என்று அந்தக் கணக்கில்தான் போக வேண்டும். 145 வைத்தால் ஒரு ஓரத்தில் அரைகுறையாக ஒரு துண்டு நிற்கும், பார்க்க நன்றாக இராது. புதிதாக அலமாரி செய்கிறவருக்கு இது தொல்லையே இல்லை, முதலிலேயே அந்த உயரத்துக்கு வரைந்துவிடலாம். பழைய அலமாரிக்கு லாச்சி மாற்றிக் கொடுக்கிறவருக்குத்தான் சிக்கல். அந்த வேலை உங்களுக்கு அடிக்கடி வந்தால் நகரும் விரலுக்குக் காசு போடலாம். வராவிட்டால் நகராத ஜிக்கே போதும்.

கேள்வி: என்னிடம் 6 மில்லி காலெட் (பிட்டைப் பிடிக்கும் வாய்) உள்ள சின்னத் திரிம்மர்தான் (சிறிய ரூட்டர்) இருக்கிறது. ஆன்லைனில் வாங்கும் ஜிக்குக்கு அது போதுமா?

பதில்: ஜிக்கோடு வரும் பிட்டின் தண்டு எத்தனை மில்லி என்று முதலில் பாருங்கள். கால் இஞ்சு என்றால் 6.35 மில்லி, உங்கள் 6 மில்லி காலெட்டுக்குள் நுழையாது. கால் இஞ்சு காலெட்டில் 6 மில்லி தண்டைப் போட்டு இறுக்குவது இன்னும் மோசம். சுற்றும்போது பிட் நழுவி வெளியே வரும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கைடு புஷ்ஷையும் (ரூட்டரின் அடியில் பிட்டைச் சுற்றி மாட்டி, டெம்ப்ளேட்டை ஒட்டிப் போகும் வளையம்) பாருங்கள். அமெரிக்க ஜிக்குகள் போர்ட்டர் கேபிள் வகைப் புஷ்ஷை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. உங்கள் திரிம்மரில் அதைப் பிடிக்கும் முறை வேறாக இருக்கலாம். அப்புறம், டவ்டெயில் பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் இறக்கி வெட்ட முடியாது. முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டியாக வேண்டும். சின்னத் திரிம்மர் அதில் திணறும். லாச்சி வேலையைத் தொழிலாகச் செய்வதென்றால் பெரிய ரூட்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஜிக் வாங்கிவிட்டேன் அண்ணே. மூட்டு லூசாக ஆடுகிறது. ஜிக் கெட்டதா?

பதில்: பெரும்பாலும் ஜிக் மேல் தப்பு இருக்காது. முன்பலகையில் முனை தெரியாமல் மறையும் டவ்டெயிலில் பிட்டின் ஆழம்தான் பிடிப்பைத் தீர்மானிக்கிறது. லூசாக இருந்தால் பிட்டை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், இறுகும். தட்டினாலும் நுழையாத அளவுக்கு இறுக்கம் என்றால் ஏற்றுங்கள். ஒரு தடவைக்குக் கால் மில்லிக்கு மேல் மாற்றாதீர்கள். பக்கப்பலகை முன்பலகையோடு மட்டமாக நிற்காமல் உள்ளே போனாலோ வெளியே நீட்டினாலோ பிட்டைத் தொட வேண்டாம், டெம்ப்ளேட்டை முன்னே பின்னே நகர்த்துங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நாள் முழுக்கப் போராடியவர்களை எனக்குத் தெரியும்.

சரியான ஆழம் கிடைத்தவுடன் ஒரு கட்டைத் துண்டில் அந்த ஆழத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பிட்டை அதில் வைத்தே சரி பார்க்கலாம். ரூட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் மேலே தூக்கவே கூடாது. டவ்டெயில் பிட் அடியில்தான் அகலம். தூக்கினால் மூட்டும் போய்விடும், டெம்ப்ளேட்டும் போய்விடும்.

கேள்வி (கோலகங்சார்): பால்மரப் (ரப்பர் மரம்) பலகையில் வெட்டினால் விளிம்பு பெயர்கிறது. மரம் சரியில்லையா?

பதில்: மரம் நல்ல மரம்தான் ஐயா. 1877-இல் மலாயாவில் முதலில் நட்ட பால்மரங்களில் ஒன்று உங்கள் ஊரிலேயே நிற்கிறது, அந்த இனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது! பக்கப்பலகையின் முகத்தில் முதலில் வலமிருந்து இடமாக மெல்ல ஒரு கோடு போல் வெட்டிவிட்டு, அப்புறம் இடமிருந்து வலமாக விரல்களுக்குள் போங்கள். பலகையின் பின்னால் ஒரு வீண் துண்டை ஒட்டி வைத்து இறுக்குங்கள். பெயர்வது நிற்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தோட்டத்தில் மறுநடவுக்கு வெட்டிப்போட்ட மரத்தை அப்படியே எடுத்து வந்து அறுக்காதீர்கள். பச்சைப் பால்மரத்தில் நீலக்கறை சீக்கிரம் ஏறும், வண்டும் துளைக்கும். போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கிச்சன் கபினெட் மெலமைன் சிப்போர்டில் செய்கிறேன். டவ்டெயில் போடலாமா?

பதில்: வேண்டாம், பொலபொலவென்று உதிரும். திருகும் டவலும் (உருளை மரக்குச்சி) போதும்.

கேள்வி: சாமிமேடைக்கு நியாத்தோ மரத்தில் சட்டம் கட்ட வேண்டும். கழுந்து (துளைக்குள் நுழையும் மூட்டு நாக்கு) வெட்டுவதற்கும் விலையுயர்ந்த ஜிக் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, அருமையாகவும் வேலை செய்யும். ஆனால் ஒரு சாமிமேடைக்காக அதை வாங்காதீர்கள். 12 மில்லி பிளைவுட்டில் நீங்களே ஜிக் செய்துகொள்ளலாம். இரண்டு சட்டத்திலும் துளை எடுத்து, நடுவில் தனியாக ஒரு கழுந்துத் துண்டைச் செருகும் முறை இது.

சட்டம் 30 மில்லி கனம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, 10 மில்லி அகலத் துளை எடுங்கள். 10 மில்லி நேர்பிட், வெளிவிட்டம் 16 மில்லி உள்ள கைடு புஷ். இரண்டுக்கும் வித்தியாசம் 6 மில்லி. அதைத் துளையின் அளவோடு கூட்டினால் பிளைவுட்டில் வெட்ட வேண்டிய அளவு வந்துவிடும். 50 மில்லி நீளத் துளைக்கு 56 நீளம், 16 அகலம். அடியில் ஒரு கட்டையைத் திருகிச் சட்டத்தோடு அணைத்துக்கொண்டால் ஜிக் தயார். அமுக்கி இறக்கும் ரூட்டரில் 5 மில்லி ஐந்து மில்லியாக 25 ஆழம் வரை போங்கள். கழுந்துத் துண்டு 48 மில்லி நீளம் இருந்தால் பசைக்கு இடம் கிடைக்கும். முக்கியமாக, எல்லாச் சட்டத்துக்கும் வெளிமுகத்தையே ஜிக்கோடு அணையுங்கள். துளை நடுவில் இல்லாமல் அரை மில்லி தள்ளிப் போனாலும் முகம் மட்டமாகவே சேரும்.

கேள்வி: நான் தீபாவளிக்குச் சின்ன மரப்பெட்டி செய்து விற்கிறேன், அண்ணா. மூலைக்கு விரல் மூட்டு (விரல்களைக் கோத்தது போன்ற நேரான பற்கள்) போட ஜிக் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. திரிம்மரை மேசைக்கு அடியில் மாட்டி, தள்ளு பலகையில் (மரத்தை நிறுத்திப் பிட்டின் மேல் தள்ளும் பலகை) ஒரு சாவிக்கட்டை (வெட்டிய பள்ளத்தை மாட்டி அடுத்த வெட்டுக்கு இடம் காட்டும் கட்டை) வைத்தால் போதும். கட்டையின் அகலம் பிட்டின் அகலம், கட்டைக்கும் பிட்டுக்கும் இடைவெளியும் அதே அளவு. மூட்டு லூசாக இருந்தால் கட்டையைப் பிட்டிலிருந்து தள்ளி வையுங்கள், இறுக்கமென்றால் நெருக்குங்கள். உங்களுக்குப் பெட்டி நிறையப் போகிறது என்பதால் இதை நல்ல கெட்டி மரத்தில் செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

கேள்வி: மூடப்போகும் ஒரு பட்டறையில் பழைய டவ்டெயில் ஜிக் விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: நேரில் போங்கள், ஒரு நேர் ரூலரும் இரண்டு பலகைத் துண்டும் கொண்டு போங்கள். ரூலரை அடித்தட்டில் வைத்து வளைவு இருக்கிறதா பாருங்கள். விரல்களின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள், பிட் கடித்த பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் எல்லா மூட்டும் தப்பாகத்தான் வரும். டெம்ப்ளேட் மட்டும் புதிதாகக் கிடைக்கிற மாடல் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கிடைக்காது என்றால் விட்டுவிடுங்கள். கொண்டுபோன துண்டுகளைப் பிடிப்பில் மாட்டிக் கையால் இழுத்துப் பாருங்கள், நழுவக்கூடாது. கைடு புஷ்ஷும் பிட்டும் கையேடும் கூடவே இருந்தால், பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால், வாங்கிவிடுங்கள்.