தூண்டில் பதில்கள்: பாறையை ஒட்டிய முதல் இரண்டு மீட்டர்

கேள்வி: கரையிலிருந்து படகில் கொஞ்ச தூரம் போய், 15, 20 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறைத்திட்டுகளில் தூண்டில் போடுகிறேன். பாதி நேரம் நரம்பு அறுந்துவிடுகிறது. மீதி நேரம் இரை மட்டும் காணாமல் போகிறது. ராடு, ரீல், முள், இரை எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: எதையும் வாங்கும் முன் அறுந்து வந்த நரம்பின் நுனியை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். சொரசொரவென்று, மேலே ஓரடி வரை கீறல் விழுந்திருந்தால் அறுத்தது பாறை. கத்தரித்தது போலச் சுத்தமாக இருந்தால் மீனின் பல். நுனி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் பாறையாகத்தான் இருக்கும். பாறைப் பொந்தில் வாழும் களவா மீன், இரையைக் கவ்விய மறுநொடியே பொந்துக்குத் திரும்பிவிடும். சங்கராவும் ஏறக்குறைய அப்படித்தான். மீனைப் பாறையிலிருந்து முதல் இரண்டு மீட்டர் மேலே தூக்கிவிட்டால் மிச்சத்தை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். நான் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது முழுக்க அந்த இரண்டு மீட்டருக்காகத்தான்.

ஆறிலிருந்து ஏழு அடி ராடு, நுனி மட்டும் வளைந்து அடிப்பாகம் விறைப்பாக நிற்பது. 4000 அல்லது 5000 அளவு ரீல் போதும். ரீலில் 30 பவுண்டு எடை தாங்கும் பிரெய்டு (பல இழைகள் பின்னிய) நரம்பு சுற்றுங்கள். நைலான் இழுத்தால் நீளும். 20 மீட்டர் இறக்கியிருக்கும்போது, மீன் பொந்துக்குள் நுழைய அந்த நீட்சியே இடம் கொடுத்துவிடும். பிரெய்டு நீளாது, ஆனால் பாறையில் உரசினால் நொடியில் போய்விடும். அதனால் கடைசி இரண்டு மீட்டருக்கு 50, 60 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பை லீடராக, அதாவது முள் பக்கத்து நுனி நரம்பாக, கட்டுங்கள். அது தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது என்பார்கள். நைலானைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். நான் அதை எடுப்பது உரசலைத் தாங்குவதற்காக.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை, கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்காதீர்கள். நரம்பு நுனியில் சுருள்தராசை மாட்டி இழுங்கள். நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கு வரும்போது டிராக் விடத் தொடங்க வேண்டும். 30 பவுண்டு நரம்புக்கு அது சுமார் நாலரை கிலோ.

ஈயத்தைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பாறையில் பெரும்பாலும் முதலில் மாட்டுவது ஈயம்தான். அதை லீடரிலேயே கட்டினால் ஈயம், முள், பல மீட்டர் நரம்பு எல்லாம் சேர்ந்து அறுந்து பவளத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அந்த நரம்பு மக்காது. அலையோடு அசைந்து அசைந்து பவளத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எனவே லீடரின் அடிமுனையில் 15 பவுண்டு நைலான் துண்டு ஒன்றைக் கட்டி, அதில் ஈயத்தைத் தொங்கவிடுங்கள். முள்ளுக்கு அதற்கு ஒன்றரை அடி மேலே தனிக் கிளை. ஈயம் மாட்டினால் மெல்லிய துண்டு மட்டும் அறும். மீனும் முள்ளும் மேலே வரும். எடை, நரம்பு ஏறக்குறைய நேராக இறங்கும் அளவுக்கு இருந்தால் போதும். நீரோட்டம் கூடினால் கூட்டுங்கள், தணிந்தால் குறையுங்கள்.

முள்ளுக்கு சர்க்கிள் ஹூக், அதாவது நுனி உள்நோக்கி வளைந்த முள். சங்கரா, விளமீனுக்கு 2/0 முதல் 4/0 அளவு வரை (முன் எண் கூடினால் முள் பெரிது). களவாவுக்கு 5/0, 6/0. கொத்தியதும் சுண்டி இழுக்கக் கூடாது. ராடு தானே வளையட்டும், நீங்கள் ரீலை வேகமாகச் சுற்றுங்கள். முள் வாயோரத்தில் போய்ப் பதியும். முள்ளின் வளைவு முழுவதையும் இரையால் அடைத்துவிட்டால் அது எங்கும் பதியாது. உங்கள் இரை காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு காரணம், இறால். எல்லா மீனும் விரும்பும், கிளாத்தி போன்ற சின்ன வாய்க்காரர்களும்தான். பெரிய மீன் வருவதற்குள் அவை உரித்துத் தின்றுவிடும். அங்கே கணவாய்க்கு மாறுங்கள். விரல் நீளத்துக்கு, ஒரு முனை கூராக வெட்டி, அகலமான முனையில் ஒரே ஒரு முறை குத்துங்கள். இரண்டு இடத்தில் குத்தினால் துண்டு சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். வாசனைக்கு மத்தியை மிஞ்ச ஆளில்லை, ஆனால் சதை மிருது. முந்தின இரவே கல்லுப்பில் போட்டு வையுங்கள், இறுகிவிடும். ஒருமுறை உருகிய இரையைத் திரும்ப உறையவைத்தால் குழைந்துவிடும். விளமீனுக்கு மட்டும் என்றால் சின்ன நண்டுதான் என் முதல் தேர்வு. நண்டும் சிப்பியும் அதன் அன்றாட உணவு.

கேள்வி: ஆழத்திலிருந்து வந்த சிறு களவாவைத் திரும்ப விட்டேன். வாயில் பலூன் போல ஏதோ பிதுங்கி, மிதந்துகொண்டே இருந்தது. அதைக் குத்திக் காற்றை விடலாமா?

பதில்: தயவுசெய்து குத்தாதீர்கள். பிதுங்குவது அதன் இரைப்பை. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று மடங்கு. மேலே வரும்போது உடலுக்குள் இருக்கும் நீச்சல்பை விரிந்து இரைப்பையை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் திரும்பினால் எல்லாம் பழைய இடத்துக்குப் போகும். ஆகவே மீனைக் கீழே இறக்க வேண்டும். எதிர்முள்ளை நசுக்கிய பெரிய முள் ஒன்றில், காதில் (வழக்கமாக நரம்பு கட்டும் துளையில்) கனமான ஈயம் கட்டி, முள்நுனி கீழே பார்க்க, மெல்லிய நரம்பைக் காதில் கட்டாமல் வளைவில் கட்டுங்கள். கீழ்த்தாடையில் லேசாக மாட்டி இறக்கிவிட்டு, அடியை எட்டியதும் நரம்பை ஒருமுறை சுண்டி இழுத்தால் முள் கழன்றுவிடும். மீன் மேலே கிடக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பெரிய களவா கிடைத்தாலும் விட முடிந்தால் விடுங்கள். பல களவா இனங்கள் பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை. பெரியவற்றையே எடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பாறையில் ஆண் மீன்கள் அரிதாகிவிடும்.

கேள்வி: முள்ளை மீன் விழுங்கிவிட்டால்?

பதில்: விடப்போகும் மீனென்றால் தோண்டாதீர்கள். வாய்க்குள் எவ்வளவு எட்டுமோ அவ்வளவு கிட்டத்தில் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். உள்ளே தங்கும் முள் நாளடைவில் துருப்பிடித்துப் போகட்டும் என்றுதான் துருப்பிடிக்காத எஃகு முட்களை நான் வாங்குவதில்லை.