மெனு கார்டு எங்கே தொடங்குகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 40 பேர் அமரக்கூடிய சைவ உணவகம் நடத்துகிறேன். 8 பக்க மெனு கார்டில் 130 அயிட்டங்கள் இருந்தும், வருகிறவர்கள் அதைப் புரட்டிவிட்டு இட்லி, தோசை என்றே சொல்கிறார்கள். கார்டைப் புதிதாக அச்சடிக்க நினைக்கிறேன். எப்படி அமைத்தால் விற்பனை கூடும்?
- வாசகர், கரூர்

பதில்: அச்சகத்துக்குப் போவதற்கு முன் கணக்கு நோட்டுடன் உட்காருங்கள். ஒரு மாத பில்களை எடுத்து, ஒவ்வொரு அயிட்டமும் எத்தனை தட்டு போயிருக்கிறது, சரக்குச் செலவு போகத் தட்டுக்கு எவ்வளவு நிற்கிறது என்று எழுதுங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1982இல் வகுத்துக் கொடுத்த முறை இது. இதன்படி உங்கள் அயிட்டங்கள் நான்காகப் பிரியும்: நன்றாக விற்று நல்ல லாபமும் தருபவை, விற்றாலும் லாபம் குறைந்தவை, லாபம் இருந்தும் விற்காதவை, இரண்டுமே இல்லாதவை. கார்டின் அமைப்பு பெரும்பாலும் கைகொடுப்பது மூன்றாம் வகைக்குத்தான். நான்காம் வகையை எவ்வளவு அழகாக அச்சடித்தாலும் பயனில்லை, எடுத்துவிடுங்கள்.

லாபத்தைச் சதவீதத்தில் பார்க்காமல் ரூபாயில் பாருங்கள். உதாரணத்துக்கு, 40 ரூபாய் இட்லிக்குச் சரக்கு 14 ரூபாய் ஆகிறது என்றும், 80 ரூபாய் பொடி இட்லிக்கு 32 ரூபாய் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். செலவு முதலாவதில் 35 சதவீதம், இரண்டாவதில் 40 சதவீதம் என்பதால் சாதா இட்லியே மேல் என்று தோன்றும். ஆனால் கல்லாவில் நிற்பது ஒன்றில் 26 ரூபாய், மற்றொன்றில் 48 ரூபாய். அதே மாவு, அதே இட்லிப் பானை; கூடுதலாகப் பொடியும் நல்லெண்ணெயும் தாளிப்பும், மாஸ்டருக்கு ஓரிரு நிமிட வேலையும்தான். அப்படிப்பட்ட பொடி இட்லி பல கார்டுகளில் பூரி, பொங்கல், ஊத்தப்பமெல்லாம் முடிந்த பிறகு, யார் கண்ணிலும் படாத வரியில் கிடக்கிறது. அதை இட்லிக்கு அடுத்த வரிக்குக் கொண்டுவாருங்கள்.

இடமாற்றத்துக்குப் பலன் உண்டா என்ற ஐயம் வேண்டாம். எரான் தயான், மாயா பார்-ஹில்லல் என்ற ஆய்வாளர்கள் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரக் காப்பிக் கடை ஒன்றின் மெனுவில் வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவின் தொடக்கத்திலோ இறுதியிலோ இருந்த பண்டங்கள், நடுவில் இருந்தபோது போனதைவிட இருமடங்கு வரை கேட்கப்பட்டன. எனவே பிரிவுகளைச் சிறியனவாக வைத்து, முதல் வரியையும் கடைசி வரியையும் யோசித்து நிரப்புங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த 130 என்ற எண்தான். 40 இருக்கைகளுக்கான சமையலறையில் அத்தனையும் எல்லா நேரமும் தயாராக இருக்க வழியில்லை. வாடிக்கையாளர் ஆப்பம் கேட்கிறார், சப்ளையர் "சாயங்காலம்தான்" என்கிறார். இடியாப்பம் கேட்கிறார், "இன்னைக்குப் போடல" என்கிறார். மூன்றாவதாக அவர் எந்த நேரமும் கிடைக்கும் தோசைக்கு வந்துவிடுகிறார். அடுத்த முறை கார்டைத் திறக்கவே மாட்டார். காலை டிபனுக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று ஒற்றைத் தாள் கார்டுகளாகப் பிரித்து, அந்த நேரத்தில் உறுதியாகக் கிடைப்பதை மட்டும் அச்சிடுங்கள். எந்த வண்ணமும் எந்த எழுத்துருவும் இந்த நம்பிக்கைக்கு ஈடாகாது.

கேள்வி: வலப்பக்கத்தில்தான் கண் முதலில் போகும், விலைக்கு முன் ரூபாய்க் குறியைப் போடக்கூடாது என்கிறார் எங்கள் டிசைனர். இவை உண்மையா?
- வாசகி, மதுரை

பதில்: முதலாவதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். கண்ணசைவைப் பதிவு செய்து சிபில் யாங் என்ற ஆய்வாளர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் மெனுவை ஏறத்தாழப் புத்தகம் படிப்பதுபோலவே வரிசையாகப் படிப்பது தெரியவந்தது. இரண்டாவதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அதே யாங்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் நியூயார்க் மாநில உணவகம் ஒன்றில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், டாலர் குறியின்றி வெறும் எண் அச்சிட்ட மெனுவைப் பெற்றவர்கள் கூடுதலாகச் செலவழித்தார்கள். அது ஒரே உணவகத்தின் மதிய உணவு நேரத்துக் கணக்கு என்பதால் உங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். விலைகளை வலது ஓரத்தில் ஒரே நெடுவரிசையாக அடுக்காமல் பண்டத்தின் பெயரை ஒட்டியே அச்சிடுவது அதைவிட நல்லது. நெடுவரிசையாக இருந்தால் கண் விலையை மட்டும் மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, குறைந்ததில் போய் நிற்கும்.

ஆனால் விலையை மறைக்கும் எந்த உத்தியும் வேண்டாம். ஜி.எஸ்.டி. விலையில் அடக்கமா, தனியா என்பதைப் படிக்கக்கூடிய எழுத்தில் போடுங்கள். சேவைக் கட்டணத்தை பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பில்லைப் பார்த்து முகம் சுளித்தவர் குடும்பத்தோடு திரும்பி வருவதில்லை.

கேள்வி: படங்கள் போடலாமா? க்யூஆர் கோடு மட்டும் வைத்தால் போதுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் தட்டில் உண்மையில் வருவதைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் என்றால் பிரிவுக்கு ஒன்று போடலாம், இணையத்தில் எடுத்த படம் ஏமாற்றத்தைத்தான் தரும். பெயருக்குக் கீழே "சுவைமிக்க" என்று எழுதுவதைவிட, சீரகச் சம்பாவில் செய்கிறீர்கள் என்றால் அதை எழுதுங்கள், செய்யாவிட்டால் எழுதாதீர்கள். க்யூஆர் கோடு விலை மாற்ற வசதியானது, ஆனால் பெரியவர்களுக்கு அச்சிட்ட கார்டு வேண்டும். புதிய கார்டை முதல் மாதம் சாதாரணத் தாளிலேயே அச்சிட்டு மேசைகளில் வையுங்கள். எந்த அயிட்டத்தைப் பற்றி வாடிக்கையாளர்கள் விளக்கம் கேட்கிறார்கள் என்று சப்ளையர்களைக் குறித்துவைக்கச் சொல்லி, அந்த விளக்கங்களையும் சேர்த்த பிறகு லேமினேட் செய்யக் கொடுங்கள்.