வயர் கொழுவினாலும் ஸ்டார்ட் ஆகக் கூடாது: பழைய கார்களின் பாதுகாப்பு, வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது. திறப்புத் தேய்ந்து, இன்னொரு மைனரின் திறப்பும் அதற்குப் பொருந்துகிறது. மெக்கானிக் கொயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் பாகம்) வரும் வயரை வெட்டி, இருக்கைக்கு அடியில் மறைவாக ஒரு சுவிட்ச் போட்டுத் தந்தார். இது போதுமா?
– வாசகர், கல்லடி

பதில்: போதாது. அவர் வெட்டியது கொயிலின் 'எஸ்டபிள்யூ' முனைக்கு வரும் வெள்ளை வயர். போனட்டைத் திறந்து பற்றரியில் இருந்து ஒரு துண்டு வயரை அதே முனையில் கொழுவிவிட்டால் உங்கள் சுவிட்சுக்கும் வேலையில்லை, திறப்புக்கும் வேலையில்லை. திருடன் வயர் கொழுவத்தான் போகிறான் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கொயிலின் மறுமுனை 'சிபி'. அதிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) போவது வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயர். துணிச்சுற்று வயரில் நிறம் மங்கிப்போயிருக்கும். கட்டுச்சுற்றைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே பழைய நிறம் அப்படியே இருக்கும். அந்த 'சிபி' முனையில் மேலதிகமாக ஒரு வயரைப் பூட்டி உள்ளே கொண்டுவந்து, 10 அம்பியர் சுவிட்சின் ஒரு காலில் கொடுங்கள். மற்றக் காலைப் போடிக்கு எர்த் பண்ணுங்கள். சுவிட்சைப் போட்டால் பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, கொயிலின் கரன்டை வெட்டி ஸ்பார்க்கை வரவைக்கும் தொடுமுனை) திறந்தாலும் மூடியது மாதிரியே இருக்கும். பற்றரியில் இருந்து நேரே கரன்ட் கொடுத்தாலும் ஸ்பார்க் வராது. எர்த், அதாவது போடியோடு பூட்டியிருக்கும் பற்றரி முனை, பொசிட்டிவோ நெகட்டிவோ, இந்த முறை இரண்டுக்கும் சரி.

மூன்று விடயங்களைக் கவனியுங்கள். தகரத்தில் துளையிட்டு வயரை உள்ளே எடுக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். வயர் உராய்ந்து போடியில் பட்டால் ஓட்டத்திலேயே எஞ்சின் நிற்கும். சுவிட்ச் போட்டபடி இக்னிஷனையும் போட்டு விட்டுவிடாதீர்கள். கொயிலின் தடை 3 ஓம் சொச்சம்தான், ஏறத்தாழ 4 அம்பியர் இடைவிடாமல் ஓடிக் கொயில் சூடேறும். பொயின்றை எடுத்துவிட்டு எலக்ரோனிக் இக்னிஷன் பூட்டியிருந்தால் இந்த முறை வேண்டாம். அந்தக் கருவிக்கு வரும் கரன்டை நிறுத்துங்கள்.

கடற்கரை வீட்டுக்காரருக்கு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் சுவிட்சின் உள்தகடு கறுத்துப் போனால் எர்த் கிடைக்காது. கார் வழக்கம்போல ஓடும், ஆனால் காவல் போயிருக்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. கிழமைக்கு ஒருமுறை சுவிட்சைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். எஞ்சின் பிடித்தால் சுவிட்சை மாற்றுங்கள். சுவிட்சைத் தரைவிரிப்பின் கீழ் வைக்க வேண்டாம், மாரி மழையில் தண்ணீர் நிற்கும் இடம் அது.

கேள்வி: பொசிட்டிவ் எர்த் காரில் ஜிபிஎஸ் ட்ராக்கர் பூட்டலாமா? பூட்டிய நண்பர் ஒருவருக்குப் பத்து நாளில் பற்றரி இறங்கிவிட்டது.
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பூட்டலாம். ட்ராக்கரின் சிவப்பு வயர் போடிக்கு, கறுப்பு வயர் பற்றரியின் நெகட்டிவ் பக்கத்துக்கு. பியூஸ் எர்த் இல்லாத வயரில்தான் இருக்க வேண்டும். ஆகவே 1 அம்பியர் பியூஸைக் கறுப்பு வயரில் போடுங்கள். பலர் பழக்கத்தில் சிவப்பில் போட்டுவிடுகிறார்கள். பெட்டி பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. வெளி அன்ரெனா உள்ளதென்றால் அதன் உலோகப் பகுதி போடியில் படவே கூடாது, பட்டால் ஷோர்ட்.

பற்றரி இறங்கியதற்குப் பெரும்பாலும் இக்னிஷன் அறியும் மூன்றாவது வயர்தான் காரணம். பொசிட்டிவ் எர்த் காரில் அது தலைகீழாக வேலை செய்யும்: திறப்பை அணைத்ததும் அந்த வயர் கொயில் வழியாகப் போடியின் பொசிட்டிவுக்குப் போய்விட, 'இக்னிஷன் போட்டிருக்கிறது' என்று ட்ராக்கர் எடுத்துக்கொண்டு உறங்காமலே இருக்கும். அந்த வயரைக் கொழுவாமல் நுனியை நன்றாகச் சுற்றிவிட்டு, அசைவைப் பார்த்து உறங்கும்படி அமைத்துவிடுங்கள்.

சரிபார்க்கப் பற்றரியின் எர்த் வயரைக் கழற்றி, நடுவே மல்டிமீற்றரை 10 அம்பியர் அளவில் கொழுவி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். 0.02க்குக் கீழே நின்றால் நல்லது. 0.10 என்றால் ஒரு நாளுக்கு 2.4 அம்பியர்-மணி, 40 அம்பியர்-மணிப் பற்றரியில் பாதி எட்டு நாளில் தீரும். மீற்றர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

ட்ராக்கருக்குச் சிம் வாங்குமுன், கார் இரவில் நிற்கும் கராஜுக்குள் கதவை மூடிக்கொண்டு அதே நிறுவனத்தின் சிம் உள்ள போனில் சிக்னல் பாருங்கள். தகரக் கூரையின் கீழ் ஜிபிஎஸ் கிடைக்காமல் போகலாம், கார் வெளியே வந்ததும் பிடிக்கும்.

கேள்வி: சிவப்புத் திறப்புள்ள பற்றரி கட்-அவுட் (பற்றரியின் கரன்டை முழுதாக நிறுத்தும் சுவிட்ச்) மட்டும் போதாதா?
– வாசகர், கல்முனை

பதில்: அந்த மலிவான சிவப்பு பிளாஸ்டிக் திறப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சு. தீ, ஷோர்ட் என்பவற்றுக்கு அது நல்லது, பூட்டுங்கள், திருட்டுக்கு அல்ல. அதை அணைத்தால் ட்ராக்கருக்கும் கரன்ட் நிற்கும், ஆகவே உள்பற்றரி உள்ள ட்ராக்கராக வாங்குங்கள். செசி, எஞ்சின் இலக்கத் தகடுகள் ஆணியடித்த சிறு தகரங்கள்தான், இலகுவில் மாற்றலாம். இரண்டையும் இன்றைக்கே படமெடுத்து, பதிவுச் சான்றிதழின் பிரதியோடு வீட்டில் வையுங்கள். கார் காணாமல் போனால் 119க்கு அழைக்கும்போது அவை கையில் இருக்கட்டும்.