சொந்த நிலத்தில் பொது சார்ஜர் வைக்க உள்ளூர் மானியம் கிடைக்குமா?

பெரிய சாலையை ஒட்டிய உங்கள் சொந்த நிலத்தில், வருவோர் போவோர் எல்லோருக்கும் பயன்படும்படி மின்சாரக் கார் சார்ஜர் வைத்தால் ஊராட்சி மன்றமோ மாநில அரசோ மானியம் தருமா, தருமென்றால் யாரிடம் விண்ணப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் பணமாக ஏதோ வரும் என்று நம்பிச் செலவைத் தொடங்கிவிடாதீர்கள் என்பதுதான் என் பதில்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கில், நாலாபுறமும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தில் உணவுக்கடை நடத்துகிறேன். இதே கேள்வியோடு நானும் பல அலுவலகங்களின் முகப்பில் நின்றிருக்கிறேன். சொந்த நிலத்தில் பொது சார்ஜர் வைப்பவருக்கு ரொக்கமாகத் தரும் திட்டம் எதுவும் தங்களிடம் இல்லை என்றே எல்லா இடத்திலும் சொன்னார்கள். வேறு மாநிலத்தில் இருக்கிறதே என்று யாராவது இதற்குக் கீழே எழுதக்கூடும். எழுதுங்கள், ஆனால் அந்தச் சுற்றறிக்கையின் எண்ணையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

மானியம் இருக்கிறது என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. சார்ஜர் வாங்கிப் பொருத்தும் செலவுக்கு ஆண்டுக்கு 2,500 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) வரையிலான வருமான வரிக் கழிவு 2022ஆம் மதிப்பீட்டு ஆண்டில் தொடங்கியது. பிறகு 2027 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது தனி நபருக்கு, அவருடைய சொந்த வாகனத்துக்கு, வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. அதுவும் வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகையே தவிர, அவ்வளவு பணமும் திரும்பக் கைக்கு வராது. மற்றொன்று சிங்கப்பூரிலிருந்து வரும் செய்தி. அங்கே நிலப் போக்குவரத்து ஆணையம் 2021 ஜூலையில் தொடங்கிய திட்டத்தின்கீழ், தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுப் பயன்பாட்டுக்காக வைக்கப்படும் சார்ஜர்களின் செலவில் பாதியை, ஒன்றுக்கு 4,000 சிங்கப்பூர் வெள்ளி என்ற உச்ச வரம்புக்குள் அரசு ஏற்றுக்கொண்டது. ஜோகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வரும் நம் பிள்ளைகள் அதைக் குடும்ப வாட்ஸாப்பில் போட, அது ஈப்போவைத் தாண்டுவதற்குள் நம் நாட்டுத் திட்டமாகிவிடுகிறது.

என் கடைக்கும் ஒரு நாள் ஒருவர் கோப்போடு வந்தார். ஊராட்சி மன்றத்தின் மானியத்தைத் தாமே பெற்றுத் தருவதாகவும், 'செயல்முறைக் கட்டணம்' மட்டும் முன்பணமாகக் கட்டினால் போதும் என்றும் சொன்னார். விண்ணப்பப் பாரத்தின் மாதிரியைக் காட்டுங்கள் என்றேன். அது உள்ளே இருக்கிறது என்றார். எந்த உள்ளே என்று கேட்டதற்கு, தேநீரைக் குடித்து முடித்துவிட்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. நம் ஊர்களில் அவரைப் போன்றவர்கள் நிறையப் பேர் சுற்றுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். முகவர்கள் அனைவரையும் நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மானியத்தை விட்டுவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். செலவின் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. சாதாரண வீட்டு ஒருமுனை இணைப்பில் 7 கிலோவாட் சார்ஜர் ஒன்றை ஓட்டலாம், 22 கிலோவாட்டுக்கு மும்முனை இணைப்பு வேண்டும். வேகமாக ஏற்றும் டிசி சார்ஜர் 60 கிலோவாட், 120 கிலோவாட் என்று போகும்போது மின்விநியோக நிறுவனமான தெனாகாவிடம் புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அருகிலுள்ள துணை மின்நிலையத்தில் அவ்வளவு இடமிருக்கிறதா, கேபிள் எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள். தோட்டப் பட்டணங்களில் ஒரு வரிசைக் கடைகளுக்கும் ஒரு தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) போதுமான அளவில்தான் அந்த நிலையங்களை அன்றைக்குக் கட்டினார்கள். நான் முதலில் டிசிதான் வைக்க நினைத்தேன். மின்சாரக் குத்தகையாளர் (காண்டிராக்டர்) தந்த விலைப்புள்ளியில் சார்ஜரின் விலைக்குக் கீழே கேபிளுக்கும் இணைப்புக்கும் எழுதியிருந்த தொகையைப் பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

அடுத்தது நிலம், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. தோட்டங்கள் துண்டுபோடப்பட்ட காலத்தில் நம் அப்பாக்கள் வாங்கிய நிலங்களில் பல இன்றும் பட்டாவில் விவசாய வகையாகவே இருக்கின்றன. அந்த வகையை மாற்ற வேண்டுமானால் தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவின்கீழ் விண்ணப்பித்து, பிரீமியம் என்ற கட்டணமும் கட்ட வேண்டும். என் கடையின் முன்பக்கம் கட்டட வகை, பின்பக்கம் விவசாய வகை. மரநிழலும் விசாலமும் பின்னால்தான் இருந்தன, ஆனாலும் வெயிலடிக்கும் முன்பக்கத்தில்தான் சார்ஜர் நிற்கிறது. உங்கள் பட்டாவை முதலில் எடுத்துப் பாருங்கள்.

உரிமமும் உண்டு. வீட்டில் சொந்தக் காருக்கு வைப்பது வேறு. பிறருக்குக் கட்டணம் வாங்கி மின்னூட்டினால், 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டத்தின்கீழ் எரிசக்தி ஆணையத்தின் உரிமம் வேண்டும். வயரிங் வேலையைப் பதிவுபெற்ற குத்தகையாளர் செய்து, ஜி பாரத்திலும் எச் பாரத்திலும் சான்று தர வேண்டும். இவற்றைப் படித்துவிட்டு, சிறு வியாபாரியை அரசாங்கம் மிரட்டுகிறது என்று பொங்குபவர்கள் இருக்கிறார்கள். மழையில் நனைந்தபடி முன்பின் தெரியாத ஒருவர் பிடிக்கப்போகும் கேபிளுக்குச் சான்று கேட்பதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை.

கடைசியில் சார்ஜர் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு முன்பக்கத்தில் இரண்டு கார் நிறுத்துமிடங்களை வாடகைக்கு விட்டேன். உபகரணம், உரிமம், பராமரிப்பு எல்லாம் அவர்களுடையவை. எனக்குச் சிறிய வாடகை கிடைக்கிறது, அதைவிட முக்கியமாக, சார்ஜ் ஏற வருபவர்கள் என் கடையில் உட்காருகிறார்கள். வைத்திருப்பது மெதுவாக ஏற்றும் ஏசி சார்ஜர். அது 22 கிலோவாட் தரக்கூடியதாக இருந்தாலும், பிஒய்டி அட்டோ 3 போன்ற கார் 7 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது, புரோட்டோன் இமாஸ் 7 என்றால் 11. ஒரு மணி நேரம் வாழையிலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அட்டோ 3 காரில் ஏறக்குறைய 7 யூனிட், அதாவது நாற்பது கிலோமீட்டர் ஓடும் அளவு ஏறியிருக்கும். இதற்குப் போய் யார் வருவார் என்று என் மைத்துனர் உட்படப் பலர் கேலி செய்தார்கள். பண்டிகைக் காலத்தில் நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பயந்து பழைய சாலையில் இறங்குபவர்கள் வருகிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையையும் எழுதிவிடுகிறேன். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு எங்கள் சாலையில் வெளியூர் வண்டிகள் குறைந்தன, அவற்றை நம்பியிருந்த கடைகளும் மூடின. 2025க்குள் நாடு முழுவதும் 10,000 பொது சார்ஜர்கள் என்று இலக்கு வைத்தார்கள். அந்த ஆண்டில் அது எட்டப்படவில்லை. வைத்தவையும் பெரும்பாலும் பெருநகரப் பேரங்காடிகளிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும்தான் நிற்கின்றன. வண்டி அதிகம் வரும் இடத்தில் வைப்பது வியாபார நியாயம்தான், நானும் வியாபாரிதான். அதனாலேயே, வண்டி குறைவாக வரும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு ஒரு மானியம் இருந்தால் அதற்கு அர்த்தம் இருக்கும் என்கிறேன். நீங்கள் கேட்டது இல்லாத ஒன்றை, ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்திலேயே கேளுங்கள்.

அதுவரை, ஏதாவது ஒரு நிறுவனத்திடம் பேசுவதானால், மின்கட்டண மீட்டர் யார் பெயரில் இருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்தால் கேபிளையும் அடித்தளத்தையும் யார் செலவில் அகற்றுவது, சார்ஜர் பழுதாகிக் கிடக்கும் மாதங்களுக்கும் வாடகை உண்டா என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மீட்டர் உங்கள் பெயரில் இருந்தால், ஏறிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். என் ஒப்பந்தத்தில் மீட்டர் தனி, அதுவும் அவர்கள் பெயரில்.