அட்டை வராவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

பிரான்சின் ரெயூனியன் தீவுக்கு வந்து ஐந்து வாரம். சேந்தாந்த்ரே ஊரில் ஓட்டல் சமையல் வேலை. கார்ட் வித்தால் என்ற பச்சை நிற மருத்துவக் காப்பீட்டு அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. மனைவி நாலு மாதம். ராத்திரியில் வலி எடுத்தால் அட்டை இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. பார்ப்பார்கள். யோசிக்காமல் கிளம்புங்கள். உங்களுக்குப் பக்கம் சேன் பெனுவா அரசு ஆஸ்பத்திரி. நடக்க முடியாத வலி என்றால் 15க்குப் போன் போடுங்கள், நம் ஊர் 108 மாதிரி.

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. காரைக்காலிலிருந்து நான் வந்து இறங்கியது 2005 டிசம்பர். இரண்டே மாதத்தில் சிக்குன்குனியா இந்தத் தீவையே படுக்கப் போட்டது. மூன்றில் ஒருவருக்கு மேல் வந்தது. என்னையும் விடவில்லை. விரல் மூட்டெல்லாம் வீங்கி, சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட்டாள். நாலாம் நாள் ஒரு ஆஸ்பத்திரிக் கவுண்டரில் போய் நின்றேன். அங்கே இருந்த அம்மா நிமிர்ந்து பார்க்காமலே "கார்ட் வித்தால்?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், திருப்பி அனுப்புகிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பாட்டி பார்த்தார். நெற்றியில் குங்குமம், நம் வம்சம், ஆனால் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் கையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிப்போய் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் ஏதோ பேசினார். பத்து நிமிடத்தில் எனக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டரில் கேட்கும் அந்தக் கேள்விக்கு, பில்லை யாருக்கு அனுப்புவது என்றுதான் அர்த்தம். "பா ஆங்கோர்", அதாவது இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். பாஸ்போர்ட், முகவரிக்கு மின்சார பில், உங்கள் வேலை ஒப்பந்தம் மூன்றையும் ஒரு கவரில் போட்டு வாசல் பக்கம் வைத்திருங்கள். கெஸ், அதாவது இங்குள்ள சமூகப் பாதுகாப்பு அலுவலகம், அத்தெஸ்தாசியோன் என்று ஒரு உரிமைச் சான்றுக் காகிதம் தரும். அது வந்துவிட்டால் அட்டைக்குப் பதில் அதைக் காட்டலாம்.

உங்களுக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே காப்பீட்டு உரிமை உண்டு. மனைவிக்கு அவர் பெயரில் தனி விண்ணப்பம் போட வேண்டும். 2016க்குப் பிறகு கணவன் அட்டையில் மனைவியைச் சேர்க்கும் பழக்கம் இல்லை. அதை இந்த வாரமே போட்டுவிடுங்கள், ஏனென்றால் உரிமை திறந்திருந்தால் ஆறாம் மாதத்திலிருந்து மருத்துவச் செலவு நூற்றுக்கு நூறு கெஸே ஏற்கும். அதுவரை கர்ப்பப் பரிசோதனைக்கு பெ.எம்.இ. போங்கள். தெபார்த்மான், அதாவது மாவட்ட நிர்வாகம் நடத்தும் தாய் சேய் நிலையம் அது, அட்டை இல்லாவிட்டாலும் இலவசம்.

அட்டை தாமதமாவது பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழால்தான். நம் பக்கத்துப் பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் காலியாகவே கிடக்கும். இல்லையென்றால் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், சான்றிதழில் இனிஷியலோடு வேறு எழுத்து. இங்குள்ள அலுவலகத்துக்குக் குடும்பப் பெயர் தனி, சொந்தப் பெயர் தனி என்று இரண்டு கட்டம் நிரம்ப வேண்டும். என் விண்ணப்பத்தில் அப்பா பெயர் ஒரு காகிதத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். எட்டு மாதம் அலைந்தேன். ஆகவே ஊரில் இருக்கும் உங்கள் அண்ணனிடம் சொல்லி, பெயர் சேர்த்த சான்றிதழாக வாங்கி, வெளிநாட்டில் செல்வதற்கான அப்போஸ்டில் முத்திரை போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை நீதிமன்றப் பட்டியலில் உள்ளவரிடம் இங்கேயே செய்துகொள்ளலாம். இந்தியாவில் பிறந்தவர்களின் நிரந்தர சமூகப் பாதுகாப்பு எண்ணில் நடுவே 99 வரும். அதைப் பார்த்தால் பாதிக் கவலை விட்டது.

டாக்டரிடம் கைக்காசு கொடுக்க நேர்ந்தால் பழுப்பு நிறத் தாள் ஒன்று தருவார். அதைத் தொலைக்காதீர்கள். எண் கிடைத்ததும் கையெழுத்துப் போட்டு, வங்கிக் கணக்கு விவரத்தோடு, பணத்தைத் திருப்பிக் கேட்டு கெஸுக்கு அனுப்பலாம். இரண்டு வருடம் வரை செல்லும்.

ஆஸ்பத்திரி பில் வீட்டுக்கு வந்தால் பயந்து ஒளித்து வைக்காதீர்கள். ஒரு நாள் படுக்கைக்கே ஆயிரம் யூரோவைத் தாண்டும்தான். ஆனால் தேதி உங்கள் உரிமை தொடங்கிய நாளுக்குப் பிறகு என்றால் அத்தெஸ்தாசியோனை எடுத்துக்கொண்டு பில் பிரிவுக்கே போங்கள், மாற்றி எழுதித் தருவார்கள். அசிஸ்தாந்த் சோசியால், அதாவது ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். காப்பீடே இல்லாதவர்களுக்கென்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பாஸ் என்ற பிரிவும் இருக்கிறது. வீசா முடிந்து காகிதம் இல்லாமல் இருப்பவர்களுக்குக்கூட அங்கே வழி சொல்வார்கள். தனியார் கிளினிக்கில் முன்பணம் கேட்கலாம், அவசரத்துக்கு அங்கே போக வேண்டாம்.

விண்ணப்பம் நிரப்பச் சிரமம் என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு வரும்போது எடுத்து வாருங்கள் தம்பி. மண்டபத்தில் உட்கார்ந்து சேர்ந்தே எழுதிவிடலாம்.